களாவா, காரையா, சூரையா? கொங்கு வேலியோரப் பழச்செடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலியோரம் நடந்தால், வேலிக்கு ஊன்றிய கிளுவைக்கு நடுவே முள்ளும் கொடியுமாக ஏகப்பட்ட செடிகள் பின்னிக் கிடக்கும். அவற்றில் பாதி பழம் தருபவை. ஊருக்கு வரும் பிள்ளைகள், புதிதாகத் தோட்டம் வாங்கியவர்கள், ஆடு மேய்ப்பவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகம் ஒன்றேதான்: இது எந்தச் செடி, தின்னலாமா? பெரும்பாலும் உள்ளங்கையில் நாலு பழத்தை வைத்து எடுத்த வாட்ஸ்அப் படத்தோடு வருகிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதிலைச் சேர்த்திருக்கிறேன். சுலபமானவை முதலில்.

ஏனுங்க, வேலியில இருக்கிற பழச்செடியெல்லாம் எதுஎதுங்க? மொதல்ல பேரைச் சொல்லுங்க.

களா, காரை, சூரை, இலந்தை, சங்கஞ்செடி, வெள்ளைப்பூலா, கரும்பூலா. நம் பக்கத்து வேலிகளில் அடிக்கடி கண்ணில் படுபவை இவைதான். உண்ணிச்செடியும் எங்கும் இருக்கிறது. அது வெளிநாட்டிலிருந்து வந்து பரவியது, அதற்குத் தனிக் கேள்வி கீழே உண்டு. நெல்லி வேலிச்செடி அல்ல, மரம். ஆனாலும் அதைப் பற்றியும் நிறையப் பேர் கேட்பதால் சேர்த்திருக்கிறேன்.

பழத்தோட நெறத்தைப் பாத்தாலே தெரிஞ்சுக்க முடியாதுங்களா?

முடியாது. ஏமாற்றுவதே நிறம்தான். களா, சூரை, கரும்பூலா, உண்ணி நான்கும் பழுத்தால் கறுப்பு. சங்கும் வெள்ளைப்பூலாவும் வெள்ளை. காரை மஞ்சள், இலந்தையும் ஒரு கட்டத்தில் மஞ்சள், தின்னக்கூடாத மருக்காரையும் மஞ்சள். போதாததற்கு, ஒரே களாச்செடியில் பச்சை, சிவப்பு, கறுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் தொங்கும்.

அதனால் பழத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் முள். அடுத்து, இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா என்பது. மூன்றாவது, இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா என்பது. இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் பத்தில் ஒன்பது சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முள்ளுல அப்படி என்னங்க வித்தியாசம்? எல்லாமே குத்தத்தானே செய்யுது?

குத்துவது ஒன்றுதான், முளைக்கும் விதம் வேறு. ஒரு கணுவுக்கு எத்தனை முள், நேரா வளைவா, எங்கிருந்து கிளம்புகிறது என்பவை செடிக்குச் செடி மாறும். ஒரு சாண் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கணுக்கணுவாகப் பாருங்கள். ஒரு கணுவை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், ஐந்தாறு கணுவாவது பாருங்கள்.

காரையில் ஒவ்வொரு கணுவிலும் இலைக்குச் சற்று மேலே எதிரெதிராக இரண்டு நேர்முட்கள் தண்டுக்குச் செங்குத்தாக நிற்கும். ஒரு கணுவில் கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த கணுவில் தெற்கு வடக்காக இருக்கும். களாவிலும் ஜோடி முள்தான், ஆனால் தடித்தது. சில முட்கள் நுனியில் மறுபடியும் கவடாகப் பிரியும். சூரையில் பெரும்பாலும் கணுவுக்கு ஒரே முள், கொக்கியாக வளைந்திருக்கும். சேலைத் தலைப்பில் மாட்டினால் விடாத முள் அதுதான். இலந்தையில் கணுவுக்கு இரண்டு. ஒன்று நேர், ஒன்று வளைவு. சங்கஞ்செடியில் பெரும்பாலும் கணுவுக்கு நாலு நேர்முட்கள், இலை நுனியும் முள்ளாகக் குத்தும்.

வெள்ளைப்பூலாவில் முள் தனியாக முளைக்காது. சிறுகிளையின் நுனியே கூர்மையாகி முள்ளாகிவிடும், அந்த முள்ளின் மேலேயே இலை துளிர்த்திருக்கும். கரும்பூலாவில் குத்தும்படியான முள் இல்லை. உண்ணிச்செடியில் முள்ளுக்குக் கணு கணக்கே கிடையாது. சதுரமான தண்டின் விளிம்புகளில் சின்னச் சின்ன வளைமுட்கள் சிதறியிருக்கும்.

களாவும் காரையும் ஒண்ணுதானுங்களா? எங்க ஊர்ல ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்றாங்க.

ஒன்றல்ல, சொந்தம்கூட இல்லை. களா அரளிக் குடும்பம், காரை காப்பிக் குடும்பம். இரண்டிலும் இலை எதிரெதிர், முள் ஜோடி, புதராக வளர்வது எல்லாம் ஒன்றாக இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

பிரித்தறிய ஒரு இலையைக் கிள்ளினால் போதும். களாவில் வெள்ளைப் பால் உடனே துளிர்க்கும், காரையில் வராது. களா இலை தடித்து, கரும்பச்சையாக, பளபளப்பாக இருக்கும். காரை இலை மெல்லியது, குட்டைக் கிளைகளில் கொத்தாக நெருங்கி நிற்கும். களாப்பூ வெள்ளை, ஐந்து இதழ், மல்லிகை வாசம். காரைப்பூ சிறியது, பச்சை கலந்த மஞ்சள். பழத்திலும் சந்தேகம் வர வழியில்லை: களா பழுத்துக் கறுக்கும், காரை பழுத்து மஞ்சளாகும், உள்ளே இரண்டு கொட்டை இருக்கும்.

காரை இலையைக் கீரையாகச் சமைப்பதும் உண்டு, வெள்ளாடும் விரும்பிக் கடிக்கும். காரமடை அரங்கநாதர் கோயில் தல வரலாற்றில் வருவதும் இந்தக் காரைப் புதர்தான்.

ஒடிச்சாப் பால் வருது. பால் வந்தா விஷமுன்னு எங்க அமுச்சி (பாட்டி) சொல்லும். களாவைத் திங்கலாங்களா?

பழுத்த களாவைத் தாராளமாகத் தின்னலாம். அமுச்சி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எருக்கு, கள்ளி, அரளி என்று வேலியோரத்தில் பால் வடியும் செடிகள் பலவும் ஆபத்தானவைதான், அந்தப் பால் கண்ணுக்குள் தெறித்தால் பெரிய தொந்தரவு. பிள்ளைகளைக் காப்பாற்ற அந்த ஒரு விதி நன்றாகவே உதவியிருக்கிறது. களா அந்த விதிக்கு விலக்கு.

ஆனால் காயிலும் அரைப்பழத்திலும் பால் அதிகம். உதட்டில் பிசினாக ஒட்டும், நாக்கு துவர்க்கும். அதனால்தான் ஊறுகாய்க்குக் களாக்காயைக் கீறி உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிவிட்டுப் போடுகிறார்கள். முழுக்கக் கறுத்து, தொட்டால் மெத்தென்று இருக்கும் பழமாகப் பறியுங்கள். பறித்துக் கொஞ்ச நேரம் வைத்துத் தின்றால் புளிப்பும் இனிப்பும் சரியாக இருக்கும்.

சிறுகளா, பெருங்களான்னு ரெண்டு இருக்குதுங்களாமே?

ஆமாம், இரண்டு இனம். கரட்டிலும் வேலியிலும் தானாக முளைப்பது சிறுகளா: இலை சிறியது, பழம் ஒரு சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு, இனிப்பு தூக்கல். தோட்டத்தில் நட்டு வளர்ப்பதும் சந்தையில் ஊறுகாய்க்கு வருவதும் பெருங்களா: பழம் ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை, புளிப்பு அதிகம். சென்னிமலை, ஊதியூர் மாதிரியான கரடுகளில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சிறுகளாவைத்தான் பார்க்கிறார்கள். இரண்டும் மாசி, பங்குனியில் பூத்து, வைகாசியிலிருந்து ஆடிக்குள் பழுக்கும்.

பேக்கரி கேக்கின் மேல் வைக்கும் சிவப்புச் செர்ரி களாக்காய்தானா என்றும் கேட்பார்கள். பல கடைகளில் அதுதான். பெருங்களாவைக் கொட்டை நீக்கி, சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் செய்வது. உண்மையான செர்ரி குளிர் நாட்டு மரம்.

சூரையும் இலந்தையும் பழத்தை வெச்சே தெரியுமே, அப்புறம் என்னங்க சந்தேகம்?

பழம் இருக்கும்போது சந்தேகமில்லை. சூரை அரைச் சென்டிமீட்டர் சொச்சம்தான், மினுமினுக்கும் கறுப்பு, சதை கொஞ்சம், கொட்டை பெரிசு. இலந்தை தை, மாசியில் மஞ்சளாகிச் சிவந்து வரும். சந்தேகம் வருவது இளஞ்செடியில். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டின் இலையிலும் அடியிலிருந்தே மூன்று நரம்பு கிளம்பும்.

இலையைத் திருப்பிப் பாருங்கள். இலந்தையின் அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு படிந்த மாதிரி வெளுத்திருக்கும், இலையும் ஓரளவு வட்டம். சூரை இலையின் அடிப்பாகம் கோணலாக, ஒரு பக்கம் இறங்கியிருக்கும். முள் வித்தியாசம் மேலேயே சொல்லியாயிற்று. சூரை நிமிர்ந்து நிற்காது, பக்கத்துச் செடியின் மேல் படர்ந்து ஏறும்.

வெள்ளை வெள்ளையாக் காய்ச்சிருக்குதுங்க. சங்கம்பழமா, பூலாவா?

இலை எதிரெதிராக, விறைப்பாக, நுனி குத்துவதாக இருந்தால் சங்கு. சிறிய வட்ட இலைகள் மாறி மாறி இருந்து, கிளை நுனியே முள்ளாக முடிந்தால் வெள்ளைப்பூலா. பழத்தை நசுக்கினாலும் தெரியும். சங்கில் ஒன்று அல்லது இரண்டு தட்டை விதை, பூலாவில் நாலைந்து பொடி விதை. இரண்டையும் பிள்ளைகள் தின்பதுண்டு. இரண்டில் பூலாதான் இனிப்பு.

கரும்பூலாவைப் பழுக்காதபோது பார்த்தால் குழம்பும். அது ஈரமான இடத்தை விரும்புவது. வாய்க்கால் ஓரம், கிணற்று மேடு, குளத்தங்கரையில் நீளமான கிளைகளை வளைத்துக்கொண்டு நிற்கும். பழத்தை நசுக்கினால் விரலில் கருஞ்சிவப்புச் சாயம் ஒட்டும், எளிதில் போகாது. பள்ளிப் பிள்ளைகள் மையாகத் தொட்டு எழுதியது இதைத்தான்.

பூலாவுந்தான் பொங்கலுக்குக் காப்புக் கட்டறமே, அதுல ஏதுங்க பழம்?

அது பூளை. வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் கட்டும் வெள்ளைப் பஞ்சுப்பூச் செடி, முழங்காலளவு வளர்வது. பழச்செடியான பூலாவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

காரைச்செடி மாதிரியேதான் இருக்குது, காய் மட்டும் எலுமிச்சை மாதிரிப் பெருசா இருக்குதுங்க. திங்கலாங்களா?

வேண்டாம். அது மருக்காரை. காரைக்குச் சொந்தக்காரன், முள்ளும் நேர்முள், இலையும் எதிரெதிர். ஆனால் காய் இரண்டு முதல் நாலு சென்டிமீட்டர் வரை பருமன், நுனியில் பூவின் புல்லிவட்டம் காய்ந்து கிரீடமாக ஒட்டியிருக்கும். உள்ளே இரண்டு கொட்டை அல்ல, கூழுக்குள் நிறைய விதைகள். இடித்துக் குட்டையில் போட்டு மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்படுத்திய காய் இது. தின்றால் கடுமையாக வாந்தி எடுக்கும்.

வெள்ளையாகப் பூத்து, பூ வாடும்போது மஞ்சளாகும். மலையடிவாரங்களில் அதிகம் பார்க்கலாம். ‘காரை’ என்று யாராவது சொன்னதை நம்பிப் பிள்ளைகள் இதைக் கடித்துவிடக்கூடாது என்பதற்காகவே அளவைக் கவனமாகச் சொல்கிறேன்: உண்மையான காரைப்பழம் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும்.

உண்ணிப்பழம் நாங்க சின்ன வயசுல தின்னவங்கதானுங்க. இப்ப விஷமுங்கறாங்களே?

நன்றாகக் கறுத்த பழத்தைத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். பச்சைக்காய் நஞ்சு, இலையும் நஞ்சு. கைப்பிடி நிறைய உருவி வாயில் போடும் பிள்ளை பச்சையையும் கறுப்பையும் பிரித்தா தின்னும்? எங்கள் காலத்தில் தின்றோம் என்பதை ஒரு சான்றாக வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வறட்சியில் வேறு தீவனம் கிடைக்காமல் இலையைத் தின்றால் ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும், வெயில் பட்ட தோல் வெந்து உரியும். வெள்ளைத் தோலுள்ள இடங்களில் இது முதலில் தெரியும். அப்படிக் கண்டால் மாட்டை உடனே நிழலில் கட்டி, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடியான இது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று சத்தியமங்கலம் காடு வரை புல்லை விழுங்கிப் பரவிக் கிடக்கிறது.

கிளுவையிலயும் செவப்பாக் காய் இருக்குதே?

அது தின்பதற்கல்ல. மூன்று சிற்றிலை, உரியும் பட்டை, ஒடித்தால் ஒரு வாசம்: இது கிளுவை. அதன் வேலை வேலியாக நிற்பதுதான், குச்சி ஊன்றினாலே வேர் பிடிக்கும்.

நெல்லி, அரைநெல்லி தெரியும். மலை நெல்லியிலயே ரெண்டு தினுசுங்கறாங்களே, நெசமுங்களா?

நிஜம்தான். முதலில் தெரிந்ததை முடித்துவிடுவோம். அரைநெல்லி வீட்டு மரம்; காய் மெல்லிய மஞ்சள், விலா எடுத்தது, தடித்த கிளைகளிலும் அடிமரத்திலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பெருநெல்லியின் இலைகள் மிகச் சிறியவை, மெல்லிய குச்சியின் இரு பக்கமும் நெருங்கி நிற்பதால் புளிய இலை போலத் தோன்றும். காய்கள் அந்தக் குச்சிகளின் அடியில் தனித்தனியாக ஒட்டியிருக்கும், மேலே ஆறு மெல்லிய கோடுகள்.

மலையில் இருக்கும் இரண்டாவது தினுசு, தென்னிந்தியாவின் வறண்ட மலைகளுக்கே உரிய தனி இனம். காயை மட்டும் கையில் கொடுத்தால் பிரிப்பது கஷ்டம். இலையைப் பார்த்தால் பெருநெல்லியின் இலையைவிட நீளமும் அகலமும் கூடுதலாக இருக்கும். சத்தியமங்கலத்தை ஒட்டிய பிளிகிரிரங்கன் மலையில் இரண்டும் உண்டு. அங்குள்ள சோளகர்கள் இரண்டையும் வேறு வேறு பெயரில் அழைக்கிறார்கள். காடறிந்தவர்களிடம் கேட்டால் இலையைத்தான் முதலில் காட்டுவார்கள். சத்தியமங்கலம் 2013இலிருந்து புலிகள் காப்பகம், நாம் போய்ப் பறிக்கக் கூடாது. காடு சார்ந்த மக்களுக்குச் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கொடுத்திருக்கிறது, அவர்களிடம் வாங்குங்கள்.

யூடியூப்ல காட்டற கூஸ்பெரி, பிளாக் கரண்ட் செடி நம்ம தோட்டத்துல வருங்களா?

வராது. அவை இரண்டும் குளிர் நாட்டுப் புதர்கள், ஒரே பேரினம். கூஸ்பெரிக்கு முள் உண்டு, காய் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ தொங்கும். கரண்டுக்குப் பெரும்பாலும் முள் கிடையாது, காய் சரமாகத் தொங்கும். பனிக்காலத்தில் பல வாரம் கடுங்குளிரில் உறங்கினால்தான் பூக்கும். ஈரோட்டு வெயிலில் அதற்கு வழியில்லை.

கோத்தகிரிப் பக்கம் காகித உறைக்குள் மஞ்சளாக விற்பது கேப் கூஸ்பெரி. அது தக்காளிக் குடும்பம், நம் காட்டுச் சொடக்குத் தக்காளிக்குச் சொந்தம். நர்சரியில் கூஸ்பெரி என்று எழுதியிருந்தால் பெயரை விட்டுவிட்டு இலையைப் பார்த்து வாங்குங்கள், பெரும்பாலும் நெல்லிக் கன்றாகத்தான் இருக்கும்.

சித்திரை வெயில்ல இலையும் இல்ல, பழமும் இல்ல. அப்ப எப்படிங்க கண்டுபுடிக்கறது?

இலை இல்லாததே ஒரு அடையாளம். களாவும் சங்கும் வறட்சியிலும் பச்சையாக நிற்கும். காரை இலையுதிர்த்து வெறும் முள் சட்டமாகிவிடும், அப்போது அதன் குறுக்கு நெடுக்கு முள் அடுக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். செடிக்கு அடியில் கிடக்கும் பழைய கொட்டைகளையும் பொறுக்கிப் பாருங்கள்.

படம் அனுப்புனாச் சொல்லுவீங்களா? ஆப்ல போட்டா வேற வேற பேரு வருது.

பழத்தை மட்டும் படம் எடுத்தால் ஆப்பும் தடுமாறும், நானும் தடுமாறுவேன். ஒரு கணுவை முள்ளோடு கிட்டத்தில் ஒன்று, இலையின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, பழத்தை இரண்டாகக் கிள்ளி விதை தெரிய ஒன்று, முழுச் செடி ஒன்று. பால் வந்ததா என்று ஒரு வார்த்தை. இவ்வளவும் இருந்தால் சொல்லிவிடலாம். தின்பதா வேண்டாமா என்பதை மட்டும் ஆப்பை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

ஜேசிபி வெச்சு வேலியை எடுத்துட்டுக் கம்பி போடப் போறமுங்க. எதையாச்சும் உட்டு வெக்கலாங்களா?

முடிந்தால் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்பதே என் ஆசை. ஒரு நூறு அடி உயிர்வேலி உருவாக ஒரு தலைமுறை ஆகும், எடுக்க அரை நாள் போதும். கௌதாரியும் கீரியும் அடையும் இடம் அது, ஆட்டுக்கு வறட்சித் தீவனமும் அங்கேதான். கம்பி போட்டே ஆக வேண்டுமானால் வேலிக்கு உள்பக்கம் போடுங்கள், வெளியே கிளுவையும் களாவும் நிற்கட்டும். எடுப்பதென்றால் உண்ணியை மட்டும் வேரோடு எடுங்கள்.

புதிதாக வைக்க விரும்புபவர்களுக்குக் களாவைச் சொல்வேன். விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும், அதனால் பழுத்த பழத்திலிருந்து எடுத்த உடனே விதைக்க வேண்டும். கன்றுகளை மழைக்கு முன்னால் இரண்டடிக்கு ஒன்றாக நட்டு, முதல் கோடையை மட்டும் தண்ணீர் விட்டுத் தாண்டவைத்தால் போதும்.

குருவி தின்னா நாமளும் திங்கலாமுன்னு சொல்றாங்களே, சரிங்களா?

தவறு. பறவையின் வயிறு வேறு. வீட்டு முகப்பில் அழகுக்கு வைக்கும் டூரன்டாவின் மஞ்சள் முத்துகளைக் குருவிகள் கொத்தும், பிள்ளைகளுக்கு அது நஞ்சு. ஆடு தின்றது என்பதும் அத்தாட்சி ஆகாது.

வேலியில் கையே வைக்கக் கூடாதவை மூன்று. ஒன்று, சிவப்பும் கறுப்புமான குன்றிமணி. இரண்டு, மலையடிவாரத்தில் ஆரஞ்சு நிறமாகப் பழுக்கும் எட்டி. மூன்றாவது கண்வலிக்கிழங்கு எனும் செங்காந்தள். மூலனூர்ப் பக்கம் பயிராகவே வளர்க்கிறார்கள், வேலியிலும் தானாக ஏறும். அதன் காய் வெடித்தால் தெரியும் செந்நிற விதைகள் பிள்ளைகளை இழுக்கும், அவை கடும் நஞ்சு.

புள்ள ஏதோ பழத்தைத் தின்னுடுச்சு, என்னன்னு தெரியலீங்க. என்ன பண்றது?

வாயில் மிச்சம் இருப்பதைத் துப்பச் சொல்லி, வாயைக் கழுவிவிடுங்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பிள்ளை நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம், சில நஞ்சுகள் பல மணி நேரம் கழித்துத்தான் வேலை காட்டும். 108ஐக் கூப்பிடுங்கள் அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்தச் செடி என்று வீட்டில் விவாதித்துக்கொண்டிருக்காமல், பழத்தோடு முள்ளும் இலையும் உள்ள ஒரு சாண் குச்சியை ஒடித்துப் பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்குத் தின்றது, சுமார் எத்தனை பழம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.